சூடு ஆறாத கைப்பிடி

பீரோவிலிருந்து எடுத்தபோது பழைய துப்பாக்கி சூடாக இருந்தது.

செஞ்சியில் சூடு ஒரு செய்தியே அல்ல. சித்திரையில் இங்கே பாறை சூடு, குழாய்த் தண்ணீர் சூடு, தாலுகா ஆபீஸ் நாற்காலியும் சூடு. ஆனால் இது ஐப்பசி. நாலு நாளாக மழை விட்டபாடில்லை. ராஜகிரி மலை கழுத்துவரை மேகத்தைப் போர்த்திக்கொண்டு காய்ச்சல்காரன் மாதிரி குந்தியிருந்தது. வீட்டில் தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது, உப்பு கசிந்திருந்தது, பீரோவிலிருந்த பட்டுப்புடவைகளும் சட்டைகளும் நாய் மூக்கைத் தொட்டதுபோல் சில்லென்று கிடந்தன. அவற்றுக்கு அடியில், மூன்று மாதமாக யார் கையும் படாமல், உள்ளறையின் பூட்டுக்குள் கிடந்த அந்த இரும்பு மட்டும் சூடாக இருந்தது. கொதிக்கிற சூடு இல்லை. பேருந்தில் ஒருவர் இப்போதுதான் எழுந்து இறங்கிப்போன சீட்டில் உட்கார்ந்தால் கீழே உறைக்குமே, அந்தச் சூடு.

சாலமனுக்கு அது தெரியாத சூடல்ல. நாலு வருடமாக அவர் அப்படிப்பட்ட சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.

நிலக்கடலை மண்டி மதலைமுத்துவுடையது. சிங்கவரம் சாலையில் இருக்கும் இந்த மாடிவீடு மதலைமுத்து கட்டியது. சாலமன் அந்த மண்டியில் பதினாறு வருடம் எழுத்தராக இருந்தார். மதலைமுத்து நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து, துக்கம் கழிந்து, பங்குச் சாமியார் முன்னிலையில் முறைப்படி அவருடைய மனைவி லில்லியை மணந்து, எழுத்தர் முதலாளியானார். அதாவது, அப்படி அவர் நம்பினார். ஊர் நம்பவில்லை. மண்டி வாசலில் எட்டடிப் பலகையில் ‘சாலமன் அண்ட் கோ’ என்று தங்க எழுத்தில் எழுதி, பக்கத்தில் தன் படத்தையும் போட்டுப் பார்த்தார். விவசாயிகள் அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, “முத்து மண்டி எங்க இருக்குது?” என்று அவரிடமே வழி கேட்டார்கள். கல்யாணமான முதல் மாதம் லில்லி கூப்பிட்டபோதெல்லாம் வாய் தவறி, “சொல்லுங்கம்மா” என்று எழுந்து நின்றதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

துப்பாக்கியும் அப்படி வந்ததுதான். முப்பத்திரண்டு போர், இங்கிலாந்தில் செய்தது, எட்டுத் தோட்டா மேகசின், மேல்மூடியை ஒருமுறை பின்னால் இழுத்துவிட்டால் அடுத்தடுத்துத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக். லில்லி ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட, லைசென்ஸ் சாலமன் பெயருக்கு மாறியது. அதைக்கொண்டு இதுவரை செஞ்சியில் ஒரு காக்கைகூடச் சுடப்பட்டதில்லை. கல்யாண வீடுகளில் சட்டை ஓரத்தில் லேசாகத் தெரிவதுதான் அதன் உத்தியோகம். அப்படித் தெரியும்போதும், “முத்து முதலாளியோடது இல்ல?” என்பார்கள்.

ஆகவே புதிது வாங்கினார். சென்னைக் கடையிலிருந்து போன வாரம் வந்தது. பிளாஸ்டிக் பெட்டி, நுரை மெத்தை, சின்னப் புத்தகம், புதுச் செருப்புக் கடையின் வாசனை. யாருமே முன்னால் தொடாத ஒரு பொருளைத் தொடுவது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. தடவிப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். சட்டப்படி இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மனு எழுதும்போது எழுத்தர் புத்தி தலைதூக்கி, ‘பழமையானதும் எமது தற்போதைய அந்தஸ்துக்கு ஒவ்வாததுமான மேற்படி கைத்துப்பாக்கிக்குப் பதிலாக’ என்று அழகாக ஒரு வரி சேர்த்துவிட்டார். கலெக்டர் ஆபீஸில் அந்த வரியை மட்டும் படித்திருக்கிறார்கள். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திங்கட்கிழமைக்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், எது என்பது உரிமையாளர் விருப்பம் என்று உத்தரவு வந்துவிட்டது.

இன்று வியாழன். சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, சாலமன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சூடு துடைபடவில்லை.

லில்லி காபியோடு வந்தாள். புதியதன்மேல் அவள் பார்வை விழவேயில்லை.

“எத குடுக்கப் போறீங்க?”

“இதுல யோசிக்க இன்னா இருக்குது? பழசத்தான்.”

“அவுருதயா?”

லில்லியின் பேச்சில் ‘அவுரு’ என்றால் ஒரே ஒருவர்தான். சாலமன் நாலு வருடமாக ‘இந்தாங்க’வாகவே இருந்தார்.

“அவுருது இல்ல லில்லி. லைசென்ஸ்ல என் பேர் இருக்குது. படிச்சிக் காட்டட்டா?”

“குடுக்காதீங்க. கோச்சிக்குவாரு.”

“யாரு?”

காபியைப் புதிய துப்பாக்கியின் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள். டம்ளர் அடி வட்டமாக ஈரம் பதிந்தது.

அன்று மாலை முழுக்க மழைச் சத்தம். தகரக் கூரைமேல், வாழையிலைமேல், நிரம்பி வழியும் பிளாஸ்டிக் வாளியில் என்று மூன்று விதமாக மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மூன்றுக்கும் நடுவில் நாலாவதாக ஒரு சத்தம், உலோகத்தை உலோகம் உரசிப் பின்வாங்கி மறுபடி முன்னால் வந்து சேர்வதுபோல் கேட்டதாக அவருக்குத் தோன்றியது. காது கொடுத்தபோது மழைதான். பீரோ பூட்டியிருந்தது. சாவி அவர் அரைஞாணில்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் ஒரு முட்டாள்தனம் செய்தார். பழையதைக் கடைசியாக ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

வலக்கையில் அது உட்காரவேயில்லை. கைப்பிடியின் கருப்புப் பட்டையில் பல வருடம் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஆனால் தப்பான பக்கத்தில். மதலைமுத்துவுக்குப் பீச்சாங்கை. சோறு தவிர எல்லாம் இடக்கைதான். சாலமன் சும்மா, ஒரு பேச்சுக்கு, துப்பாக்கியை இடக்கைக்கு மாற்றினார்.

பொருந்தியது. பொருந்தியது என்று சொன்னால் போதாது. பள்ளத்துக்குள் கட்டைவிரல் இறங்கியவுடன், யாரோ கீழிருந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. சூடு மணிக்கட்டுவரை ஏறியது. இடது கட்டைவிரல் தானாகவே போய் மேகசின் பூட்டைத் தட்டிவிட்டது. மேகசின் நழுவி வலது உள்ளங்கையில் வந்து விழுந்தது. அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று சாலமனுக்கு நாலு வருடமாகத் தெரியாது. ஒவ்வொரு முறையும் புத்தகத்தைத்தான் பார்ப்பார்.

துப்பாக்கியைக் கீழே வைத்தார். வைப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மண்டியில் ஈரச் சாக்கு வாசனை. மூட்டை தூக்கும் பாவாடை, மதலைமுத்து காலத்து ஆள், தராசுப் பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தொண்டூரிலிருந்து மீனம்பாள் என்ற அம்மாள் மூன்று மூட்டையோடு வந்து நின்றாள்.

ஈரம் பார்க்க சாலமன் ஒரு மின்னணுக் கருவி வாங்கி வைத்திருந்தார். அதை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைப் படிப்பது மண்டியில் தினமும் நடக்கும் ஒரு பூசை. அன்றும் வலக்கை உறையைத்தான் தேடியது. அதற்குள் இடக்கை நடு மூட்டைக்குள் போயிருந்தது. ஒரு பிடி கடலை அள்ளியது. அதில் ஒன்றை விரல் நுனிக்குத் தள்ளி, காதோரம் கொண்டுபோய், கட்டைவிரலால் மட்டும் உடைத்தது.

படக்.

“நடு மூட்ட நனைஞ்சிருக்குது,” என்றார் சாலமன். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

மீனம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யய்யோ! ஆமா முதலாளி. நேத்து சாயங்காலம் தூத்தல்ல மாட்டிக்கிச்சி. மல்லாட்டய காதாலயே கண்டுபுடிச்சிட்டீங்களே!”

முதலாளி. நாலு வருடத்தில், கூலி வாங்காத ஒரு வாயிலிருந்து, முதல்முறை. சாலமனுக்கு மார்பு விரிந்தது. தங்க எழுத்துப் பலகையால் முடியாததை ஒரு கடலை செய்துவிட்டது. பெருமையோடு பாவாடைப் பக்கம் திரும்பினார்.

பாவாடையின் பீடி அணைந்திருந்தது.

“தம்பி, பீச்சாங்கையாலயா ஒடச்ச?”

“ஏன், ஒடச்சா இன்னா?”

“ஒண்ணுமில்ல.” பாவாடை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “அவுரும் காதண்டதான் வச்சி ஒடப்பாரு. எத்தினியோ பேர் செஞ்சி பாத்தாங்க. யாருக்கும் வரல.” பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “இன்னா வேல சொல்லுங்க, முதலாளி.”

அந்த முதலாளி தனக்கானது அல்ல என்று தெரிய சாலமனுக்கு நேரம் ஆகவில்லை. செத்தவனுக்கு ஊரில் மரியாதை இருக்கலாம், கல்லறையில் பூ இருக்கலாம், அதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாயிற்று. இப்போது தன் சொந்த உடம்பில் ஒரு கை நீளத்துக்கு இடம் பிடித்துக்கொண்டு அங்கேயும் பேர் வாங்கிக்கொண்டிருந்தான். மேஜைக்கு அடியில் இரண்டு கைகளையும் தொட்டுப் பார்த்தார். வலது, மழைநாளுக்குரிய சில்லிப்பு. இடது, சீட்டுச் சூடு.

சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்தபோது வீடு முழுக்க எண்ணெய் வாசனை. சமையல் எண்ணெய் இல்லை. மெல்லிசான, கசப்பான, இரும்புக்குப் போடுகிற எண்ணெய். “இன்னா வாசன?” என்று கேட்டபடி மாடிப்படி ஏறினார். லில்லி கொடியிலிருந்த துணிகளை வாரிக்கொண்டு எதிரே வந்தாள். தலை நனைந்து, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

“வாசனயா? சனிக்கெழம ஆச்சே,” என்றாள். “மூணு மணி ஆனா உக்காந்துடுவாரு. கழட்டித் தொடச்சி, எண்ண போட்டு, மாட்டுவாரு. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் மத்தியானத் தூக்கமே வரும்.”

“இப்ப யாரு உக்காந்தா?”

அவள் பதில் சொல்வதற்குள் இடக்கை நீண்டது. துணிக்குவியலுக்கு அடியில் போய், அவள் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து, லேசாக இழுத்துச் சொடுக்கியது.

துணியெல்லாம் படியில் சரிந்தது.

லில்லி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை. நாலு வருடத்தில் அவளிடம் இந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று இல்லை. புதுச் சங்கிலி வாங்கிப் போட்டபோது இல்லை. காய்ச்சலில் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இல்லை. அவள் இரண்டு கைகளாலும் அந்த இடக்கையைப் பிடித்து எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“எவ்ளோ நாளாச்சு,” என்றாள்.

கையிடம் சொன்னாள்.

சாலமன் இரண்டு படி மேலே இருந்த அவள் தலைவகிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்து பார்ப்பாள் என்று நின்றார். பார்க்கவில்லை. அவர் நகர முயன்றபோது கை நகர மறுத்தது. தன் மனைவியை ஒருவன் கொஞ்சுவதை, அவனுக்குக் கை கொடுத்துக்கொண்டே, அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. சாலமன் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குக் கைப்பிடித்து எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு சேவகம் செய்ததில்லை.

படியில் நின்றபடியே முடிவு செய்தார். பழையது போக வேண்டும். திங்கட்கிழமை. முதல் வேலை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசை அவர் இடம். மரியாதைக்குரிய இடம் என்று அவரே தேர்ந்தெடுத்தது. சாமியார் தொடங்க, எல்லோரும் நெற்றிக்குக் கை கொண்டுபோனார்கள். சாலமனும்தான். நெற்றி, மார்பு, தோள் என்று சிலுவை போட்டு முடித்த பிறகே பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார்.

இடக்கை.

கோயிலில் அப்படிப் போடுகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். சாமியார் எத்தனை தடவை சொல்லியும் திருந்தாதவர். சாலமன் பெண்கள் பக்கம் பார்த்தார். முக்காட்டுக்குள் லில்லி சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை. மழை விட்டு, காற்றில்லாமல், இலைகூட அசையாத காலை. சாலமன் இடக்கையை விரல்நுனிவரை பாண்டேஜ் துணியால் இறுக்கிச் சுற்றினார். சுளுக்கு என்று லில்லியிடம் சொன்னார். வலக்கையால் பீரோவைத் திறந்தார். பழையதை எடுத்தார். சூடு. பார்த்தார், நன்றாகப் பார்த்தார், தேய்ந்த கைப்பிடி, பள்ளம், எல்லாம் இருந்தது. தோல்பையில் வைத்தார். புதியதை அதன் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாணில் கோத்தார். ஒற்றைக் கையால் பையின் ஜிப் ஏறவில்லை. பாண்டேஜுக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு விரல்நுனிகள் பையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, இழுத்து மூடினார்.

அவ்வளவுதான். அவ்வளவு உதவிதான்.

லில்லி கேட்வரை வந்தாள். “குடுக்காதீங்க” என்று இப்போது சொல்லவில்லை. “சீக்கிரம் வந்துடுங்க,” என்றாள், பாண்டேஜைப் பார்த்து.

ஸ்டேஷனில் ஏட்டு விநாயகம் பெரிய ரிஜிஸ்டரை விரித்துவைத்திருந்தார். கல்யாண வீட்டில் சட்டை ஓரத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களில் அவரும் ஒருவர்.

“வாங்க சாலமன் சார். ஒரு ஒறைக்கு ரெண்டு கத்தியான்னு கடைசியில கலெக்டரே கேட்டுட்டாரா?” பக்கத்தில் இருந்த கான்ஸ்டபிள் சிரித்தார். “எது நம்மகிட்ட வருது?”

“பழசுதான். பழச வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?” சாலமன் காலை அகட்டி உட்கார்ந்து, பையை மேஜைமேல் தள்ளினார். “நமக்குன்னு ஒரு லெவல் இருக்குது இல்ல?”

விநாயகம் ஜிப்பைத் திறந்தார். உள்ளே பார்த்தார். சாலமனைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

புதுச் செருப்புக் கடையின் வாசனை மேஜைமேல் எழுந்தது.

“இதுவா பழசு?”

சில்லென்ற, கருத்த, யாரும் தொடாத புதுத் துப்பாக்கி.

சாலமனின் காதுக்குள் மறுபடி அந்தச் சத்தம். உலோகத்தை உரசும் உலோகம். பூட்டினேன். சாவி இங்கே இருக்கிறது. பார்த்துத்தான் வைத்தேன். இதையெல்லாம் அவர் சொல்லியிருக்கலாம். ‘மாறிப்போச்சு, போய் எடுத்துட்டு வரேன்’ என்ற ஒரு வார்த்தை போதும். அதற்கு முன்னால் கான்ஸ்டபிள் வாயைத் திறந்துவிட்டார்.

“எது எதுன்னு தெரியாமலே எடுத்துனு வந்துட்டாரு போல ஏட்டய்யா.”

சாலமனின் முதுகு நிமிர்ந்தது. இந்த முதுகுதான் அவரை எத்தனையோ இடத்தில் கவிழ்த்திருக்கிறது.

“யார் சொன்னது? யோசிச்சிதான் கொண்டாந்தேன்,” என்றார். “இங்கிலாந்து சாமானுக்கு இருக்கிற மதிப்பு இதுக்கு வருமா? பழச வச்சிக்கிறதா முடிவு பண்ணிட்டேன். எழுதுங்க.”

விநாயகம் தோளைக் குலுக்கிவிட்டு நம்பரைப் பார்த்து எழுதினார். “இங்க ஒரு கையெழுத்து.”

பேனாவை இடக்கை வாங்கிக்கொண்டது. சுற்றியிருந்த துணியோடு, விரல்நுனிகளால். ஒரே இழுப்பு.

“இன்னா சார், லைசென்ஸ்ல இருக்கிற மாதிரி இல்லியே?” விநாயகம் கண்ணைச் சுருக்கினார். “ஓ, கட்டு போட்டிருக்கீங்களா. சரி, சரி.” நகலைக் கிழித்துக் கொடுத்தார்.

சாலமன் அதை வெளியே வந்து, புளியமரத்தடியில் நின்று படித்தார். படிக்கவே வேண்டியதில்லை. பதினாறு வருடம், தினமும், ஆயிரம் சீட்டுகளில் அவர் பார்த்த கையெழுத்து. முதல் எழுத்து பெரியது. கடைசி எழுத்திலிருந்து வாலாக ஒரு கோடு அடியில் ஓடித் திரும்பும்.

ம. முத்து.

செட்டிக்குளம் என்று நினைத்தார். வீட்டுக்குப் போகிறோம், பழையதை எடுக்கிறோம், செட்டிக்குளத்தில் வீசுகிறோம். ஒரு வார மழையில் குளம் நிரம்பியிருக்கும். லைசென்ஸ் போனால் போகட்டும். கேஸ் போட்டால் போடட்டும். அந்தஸ்து வேண்டாம். முதலாளி வேண்டாம். எழுத்தராகவே இருந்துவிடலாம். ஆட்டோ சிங்கவரம் சாலையில் திரும்பியபோது பாண்டேஜ் தளர்ந்திருந்தது. அவர் தளர்த்தவில்லை.

வீட்டில் கரண்ட் இல்லை. ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. அந்தக் கசப்பு எண்ணெய் வாசனை கேட்டிலேயே வந்து நின்றது.

சாப்பாட்டு மேஜையை லில்லி ஜன்னலோரம் நகர்த்தியிருந்தாள். மேலே சலவை வேட்டியை நாலாக மடித்து விரித்திருந்தாள். எண்ணெய்க் குப்பி. சின்ன பிரஷ். கிழித்த துணித்துண்டுகள், வரிசையாக. நடுவில் பழைய துப்பாக்கி. பீரோ பூட்டியபடிதான் இருந்தது. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

“லேட்டாயிடுச்சி,” என்றாள். “உக்காருங்க.”

“லில்லி, அத எடு. வேணாம். தூக்கிப் போட்டுடலாம்.”

“உக்காருங்க.”

கால்கள் அவருடையவைதான். இருந்தும் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, புண்ணுக்குக் கட்டு அவிழ்ப்பதுபோல் மெதுவாக, பாண்டேஜைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். ஒவ்வொரு விரலாக வெளியே வந்தது. கொஞ்சம் தடித்திருந்தது. நகங்கள் அவருடைய நகங்கள் இல்லை.

கை துப்பாக்கியை எடுத்தது.

மேகசினைத் தட்டியது. மேல்மூடியைக் கழற்றியது. ஒவ்வொரு துண்டாகத் துணிமேல் வைத்தது. அவசரமில்லாமல். லில்லி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாலு வருடம் பக்கத்தில் படுத்தும் அவரால் அவளுக்குக் கொடுக்க முடியாத தூக்கம், இந்தச் சத்தத்தில் அவள் இமைமேல் வந்து இறங்கியது. சாலமனுக்குப் பயத்தைவிட அது பெரிதாக எரிந்தது. அந்த நிலையிலும் எரிந்தது.

வலக்கையை நீட்டினார். அது மட்டும் இன்னும் கேட்டது. குழல் துண்டைப் பிடித்தார். ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டால் போதும்.

இடக்கை வேலையை நிறுத்தியது.

சத்தம் நின்றதும் லில்லி கண் விழித்தாள். தூக்கம் கலைந்த எரிச்சலோடு வலக்கையைப் பார்த்தாள்.

“லில்லி, நான் சாலமன்.”

“தெரியுது. கொஞ்சம் சும்மா இருங்க. அவுரு வேல செய்யறாரு இல்ல?”

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழலை வாங்கினாள். இடக்கை பக்கத்தில் வைத்தாள். வலக்கையை மணிக்கட்டைப் பிடித்து, மேஜை ஓரத்துக்கு நகர்த்தி, உள்ளங்கை கீழே இருக்கும்படி நேராகக் கிடத்தினாள். விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள்.

“லில்லி.”

வரிசையிலிருந்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து உதறினாள். சுருக்கம் இல்லாமல் வலக்கையின்மேல் போர்த்தினாள். மேலே ஒரு சிலுவை போட்டாள்.

சத்தம் மறுபடி தொடங்கியது.

துணிக்குள் விரல்கள் ஒருமுறை அசைந்தன. லில்லி குனிந்து, ஓரங்களை நாலு பக்கமும் உள்ளே தள்ளி, இறுக்கிச் செருகினாள்.